மூன்று முறை குறைத்த மின்கட்டணமும் சித்திக்கு அனுப்பும் காசும்: சதவீதக் கணக்கில் எங்கே பிழை விடுகிறோம்?

இலங்கையில் மின்கட்டணம் 15 சதவீதம் உயர்த்தப்பட்ட செய்தி 2025 ஜூன் மாதம் வந்தது. அந்த வார இறுதியில் ஸ்காபரோவில் அக்கா வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போலப் பேச்சு ஊருக்குப் போனது.

பெரியப்பா தொடங்கினார். "முதல் 75 ஏத்தினாங்கள், பிறகு 66 ஏத்தினாங்கள். இடையில குறைக்கிறம் எண்டு கொஞ்சம் குறைச்சவங்கள். இப்ப திருப்பி 15. எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாத்தா 95 சதவீதம் கூட. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு."

அத்தான் விடவில்லை. "அது பழங்கதை மாமா. போன வருசம் ரெண்டு தரம், இந்த வருசம் ஒரு தரம், மொத்தம் 64 சதவீதம் குறைச்சாச்சு. 66 ஏத்தினதைத் திருப்பிக் குடுத்த மாதிரித்தான். அங்க சாமான் விலையும் இறங்கிட்டுது. இனி சித்திக்கு அனுப்புற காசைக் கொஞ்சம் குறைச்சா என்ன?"

சித்தி வடமராட்சியில் தனியாக இருக்கிறா. பென்ஷன் இல்லை. நானும் அக்காவும் மாதாமாதம் அனுப்புவதில்தான் வீடு ஓடுகிறது. ஆகவே அந்தக் கேள்வி அரசியல் விவாதத்தோடு முடிந்துபோகிற ஒன்றில்லை. ஒரு மனுசியின் சாப்பாட்டுக் காசு அதில் இருந்தது.

இருவரும் சொன்ன எண்கள் எல்லாம் செய்திகளில் வந்த உண்மையான எண்கள். ஆனால் இருவருடைய முடிவும் பிழை. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் மருமகன், ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டான்: "ஏன் கூட்டுறீங்கள்? பெருக்க எல்லோ வேணும்?"

கூட்டக்கூடாத எண்கள்

அவன் சொன்னது சரி. 75 சதவீத உயர்வு என்றால் பழைய கட்டணத்தை 1.75 ஆல் பெருக்க வேண்டும். அடுத்த 66 சதவீதம் அந்தப் பழைய கட்டணத்தின் மேல் வருவதில்லை. ஏற்கெனவே உயர்ந்துவிட்ட புதுக் கட்டணத்தின் மேல் வருகிறது. ஒவ்வொரு முறையும் "நூறு" என்று எதை எடுத்துக்கொள்கிறோமோ அது மாறிக்கொண்டே இருக்கிறது. பெரியப்பாவும் அத்தானும் வெவ்வேறு நூறுகளைச் சேர்த்துக் கூட்டிவிட்டார்கள். கனேடிய டொலரையும் ரூபாவையும் ஒன்றாகப் போட்டு எண்ணியதுபோல.

2022 ஓகஸ்டுக்கு முன் ஒரு வீட்டுக்கு மாதம் 1,000 ரூபா மின்கட்டணம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பாவனை மாறவில்லை. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அனுமதித்த சராசரி மாற்றங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் இப்படி வரும்:

2022 ஓகஸ்ட், 75 சதவீத உயர்வு: 1,750 ரூபா
2023 பெப்ரவரி, 66 சதவீத உயர்வு: 2,905 ரூபா
2023 ஜூலை, 14.2 சதவீதக் குறைப்பு: 2,492 ரூபா
2023 ஒக்டோபர், 18 சதவீத உயர்வு: 2,941 ரூபா
2024 மார்ச், 21.9 சதவீதக் குறைப்பு: 2,297 ரூபா
2024 ஜூலை, 22.5 சதவீதக் குறைப்பு: 1,780 ரூபா
2025 ஜனவரி, 20 சதவீதக் குறைப்பு: 1,424 ரூபா
2025 ஜூன், 15 சதவீத உயர்வு: 1,638 ரூபா

பெரியப்பா சொன்ன 95 சதவீதம் இல்லை, உண்மையான உயர்வு ஏறக்குறைய 64 சதவீதம். அவர் கட்டணத்தை உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லிவிட்டார்.

அத்தானின் கணக்கோ வேறு விதமாகப் பிழை. கடைசி மூன்று குறைப்புகளையும் கூட்டினால் 64.4 வரும். ஆனால் 2,941 ரூபா 1,424 ரூபாவாக இறங்கியது 51.6 சதவீதக் குறைப்பு. அதே நேரத்தில் ரூபாவில் பார்த்தால், 66 சதவீத உயர்வு கூட்டியது 1,155 ரூபா. அந்த மூன்று குறைப்புகளும் கழித்தது 1,517 ரூபா. அதாவது "66 ஏத்தி 64 குறைச்சாங்கள்" என்றால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றுதானே நினைப்போம்? உண்மையில் குறைத்த காசுதான் கூட. காரணம், ஏற்றும்போது நூறு என்பது சின்னதாக இருந்தது. குறைக்கும்போது அது பெரிதாகிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பிழை அரசாங்கத்துக்கும் ஆதரவில்லை, எதிர்க்கட்சிக்கும் ஆதரவில்லை. தொடர்ந்து ஏறும்போது கூட்டினால் உயர்வு குறைத்துக் காட்டப்படும். 75 உம் 66 உம் கூட்டினால் 141தான். உண்மையில் 2023 பெப்ரவரியில் கட்டணம் 190 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. தொடர்ந்து இறங்கும்போது கூட்டினால் குறைப்பு பெருப்பித்துக் காட்டப்படும். யாருக்கு எது வசதியோ அவர் அந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார். ஜனவரியில் இருந்து எண்ணுபவருக்கு "15 சதவீதம் ஏத்திட்டாங்கள்". 2023 ஒக்டோபரில் இருந்து எண்ணுபவருக்கு "44 சதவீதம் குறைஞ்சிருக்கு". 2022 நடுப்பகுதியிலிருந்து எண்ணுபவருக்கு "64 சதவீதம் கூடியிருக்கு". மூன்றும் உண்மை. தொடக்கத் திகதியைச் சொல்லாவிட்டால் மூன்றும் ஏமாற்று.

இன்னும் ஒரு எச்சரிக்கை. இவை எல்லாம் சராசரிகள். 2022 ஓகஸ்டில் மிகக் குறைந்த அலகுகள் பாவிக்கும் வீடுகளுக்கான உயர்வு அந்த 75 ஐ விட மிக அதிகம். பிறகு வந்த குறைப்புகளும் பிரிவுக்குப் பிரிவு வேறுபட்டன. சராசரியைக் கேட்டுவிட்டுச் சித்தியின் பில்லை இங்கிருந்து கணிக்க முடியாது.

இறங்கியது பணவீக்கம், விலை இல்லை

அத்தான் சொன்ன மற்ற விசயம் "சாமான் விலை இறங்கிட்டுது" என்பது. இதை நான் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற சொந்தக்காரரிடமும் கேட்டிருக்கிறேன். அதற்கும் அடிப்படையாக ஒரு செய்தி இருக்கிறது.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு வருடம் கழித்து 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே, மறை 0.5 சதவீதம். தலைப்பை மட்டும் வாசித்தால், எழுபதில் இருந்து பூச்சியத்துக்கு இறங்கிவிட்டது, இனி எல்லாம் பழையபடி என்றுதான் தோன்றும்.

ஆனால் பணவீக்கம் என்பது விலை எவ்வளவு என்று சொல்லும் எண் இல்லை. போன வருடம் இதே மாதத்தை விட விலை எவ்வளவு ஏறியது என்று சொல்லும் எண். வேகமாக ஓடிய கார் வேகத்தைக் குறைத்தால் பின்னால் போகிறது என்று அர்த்தமில்லை. முன்னால்தான் போகிறது, மெதுவாக.

2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான்கள் 2022 செப்டெம்பரில் 169.80 ரூபா. அதன் மேல் 1.3 சதவீதம் ஏறினால் 2023இல் ஏறக்குறைய 172 ரூபா. அதிலிருந்து 0.5 சதவீதம் இறங்கினால் 2024இல் ஏறக்குறைய 171 ரூபா. சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு இடையில் 2013இலிருந்து 2021க்கு மாற்றப்பட்டதால் இதைத் தோராயக் கணக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் படம் தெளிவு. 70 ரூபா ஏறியது. ஒரு ரூபாவுக்குக் கிட்டத்தான் இறங்கியது.

கனடாவிலும் இதே கதைதான் நடந்தது. 2022 ஜூனில் 8.1 சதவீதமாக இருந்த பணவீக்கம் 2024 ஓகஸ்டில் 2 சதவீதத்துக்கு வந்தது. அதற்காக எங்கள் கடை பில் குறைந்ததா? இல்லை. அது எங்களுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த பில்லைக் கட்டுவது நாங்கள். ஊர்க் கணக்கு என்று வரும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

80 ஆ, 44 ஆ?

அடுத்தது டொலர். எங்களுக்கு மிக நெருக்கமான எண்.

2022 மார்ச் வரை மத்திய வங்கி டொலரை ஏறக்குறைய 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்தது. பிடியை விட்டதும் மே நடுப்பகுதியில் அது 360 ரூபாவுக்குப் போனது. அப்போது சிலர் "டொலர் 80 சதவீதம் ஏறிவிட்டது" என்று எழுதினார்கள். வேறு சிலர் "ரூபா 44 சதவீதம் விழுந்துவிட்டது" என்று எழுதினார்கள். ஒருவர் மிகைப்படுத்துகிறார், மற்றவர் மறைக்கிறார் என்று வாக்குவாதம் நடந்தது.

இரண்டும் ஒன்றுதான். 200 இலிருந்து 360 என்றால் 200க்கு 160 கூடியிருக்கிறது. அது 80 சதவீதம். இப்போது ரூபா பக்கத்திலிருந்து பாருங்கள். 1,000 ரூபாவுக்கு முன்பு 5 டொலர் கிடைத்தது. பிறகு 2.78 டொலர். 5 டொலரில் 2.22 டொலர் போய்விட்டது. அது 44 சதவீதம். பேசுகிறவர் டொலரை நூறாக வைத்தாரா, ரூபாவை நூறாக வைத்தாரா என்பதுதான் வித்தியாசம்.

இதிலிருந்து இன்னொரு விசயமும் புரியும். ஏறியதும் இறங்கியதும் ஒரே சதவீதமாக இருந்தால் பழைய இடத்துக்குத் திரும்ப மாட்டோம். 20 சதவீதம் குறைந்ததைத் திரும்பப் பெற 25 சதவீதம் ஏற வேண்டும். பாதியாக விழுந்தால் திரும்ப எழும்ப 100 சதவீதம் வேண்டும். பங்குச் சந்தையில் காசு போட்டு 2022இல் சூடுபட்ட என் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சதவீதமும் சதவீதப் புள்ளியும்

மூன்றாவது குழப்பம் வரியிலும் வட்டியிலும் வருவது. 2024 ஜனவரி முதலாம் திகதி இலங்கையில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. இது எத்தனை சதவீத உயர்வு?

"3 சதவீதம்தான்" என்று ஒருவர் சொல்லலாம். சரியாகச் சொன்னால் அது 3 சதவீதப் புள்ளி. "வரியை 20 சதவீதம் ஏத்திட்டாங்கள்" என்று மற்றவர் சொல்லலாம். அதுவும் சரி, 15 ரூபா கட்டிய இடத்தில் இப்போது 18 ரூபா, 3 என்பது 15இன் ஐந்தில் ஒரு பங்கு. கடைக்காரர் கணக்கில், ஏற்கெனவே வரி இருந்த 100 ரூபாப் பொருள் 115 ரூபாவிலிருந்து 118 ரூபாவாகிறது. வாங்குகிறவருக்கு ஏறியது ஏறக்குறைய 2.6 சதவீதம். அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்து அப்போது வரிக்குள் கொண்டுவரப்பட்ட பொருட்களுக்கோ இந்த மூன்று விடையும் பொருந்தாது, தாக்கம் இன்னும் பெரிது.

ஒரே சட்டத்துக்கு 2.6, 3, 20 என்று மூன்று எண்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் யார் எந்த எண்ணைத் தெரிவு செய்கிறார் என்று பார்த்தால் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்துவிடும்.

இங்கே வீட்டுக்கடன் கட்டுகிறவர்களுக்கும் இது பட்ட அனுபவம். கனடா மத்திய வங்கி தன் வட்டியை 2022 மார்ச்சுக்கும் 2023 ஜூலைக்கும் இடையில் 0.25 இலிருந்து 5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. 4.75 புள்ளி என்று சொன்னால் சின்னதாகத் தெரியும். இருபது மடங்கு என்று சொன்னால் தலை சுற்றும். ஒருவருடைய வீட்டுக்கடன் வட்டி 2 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானால், அது "3 கூடினது" இல்லை. வட்டியாகப் போகும் காசு இரண்டரை மடங்காகிறது.

நான் செய்கிற மென்பொருள் வேலையிலும் ஒவ்வொரு வாரமும் இதைப் பார்க்கிறேன். "பிழைகள் 50 சதவீதம் குறைந்தன" என்று யாராவது திரையில் படம் காட்டினால், "எத்தனையிலிருந்து எத்தனைக்கு?" என்று கேட்பது எங்கள் பழக்கம். நான்கிலிருந்து இரண்டுக்கு என்றால் கூட்டத்தை முடித்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். வேலையிடத்தில் இவ்வளவு கவனமாக இருக்கிற நானே, வாட்ஸ்அப்பில் வரும் ஊர்ச் செய்தியை அப்படிக் கேட்டதில்லை.

சரி, சித்திக்கு எவ்வளவு?

இனி அத்தானின் கேள்விக்கு வருவோம். சித்திக்கு அனுப்பும் காசைக் குறைக்கலாமா?

அமெரிக்க டொலரில் கணக்குப் போடுகிறேன், அதிகாரபூர்வ வீதத்தில், முழு எண்களாக. மாதம் 100 டொலர் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

2021 செப்டெம்பரில் 100 டொலர் 20,000 ரூபா. அதற்கு ஒரு மாதச் சாமான் முழுவதையும் சித்தி வாங்கினா என்று எடுப்போம்.

2022 செப்டெம்பரில் அதே 100 டொலர் 36,000 ரூபா. அதே சாமான்கள் 69.8 சதவீதம் ஏறி 33,960 ரூபா. மிச்சம் 2,000 ரூபா. "டொலர் 80 சதவீதம் ஏறினது, அவைக்கு நல்ல காசு" என்று நாங்கள் இங்கே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், உண்மையான முன்னேற்றம் 6 சதவீதம். அதுகூடச் சராசரிக்குத்தான். அந்த மாதம் உணவுப் பொருட்களின் பணவீக்கம் 94.9 சதவீதம். காசு முழுவதும் சாப்பாட்டுக்கே போகிற வீட்டில் அதே சாமானுக்கு ஏறக்குறைய 39,000 ரூபா வேண்டும். அங்கே 3,000 ரூபா துண்டு விழுந்தது.

2024 செப்டெம்பரில் டொலர் ஏறக்குறைய 300 ரூபா. 100 டொலருக்கு 30,000 ரூபா. சாமான்கள் ஏறக்குறைய 34,200 ரூபா. 4,200 ரூபா போதாது. 2021இல் வாங்கியதை வாங்க வேண்டும் என்றால் 100 இல்லை, 114 டொலர் அனுப்ப வேண்டும்.

ரூபா பலப்பட்டது நாட்டுக்கு நல்ல செய்திதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுக் காசில் வாழும் வீட்டுக்கு, ரூபா பலப்பட்டு விலையும் இறங்காமல் நின்றால், கையில் இருப்பது சுருங்குகிறது. நெருக்கடி முடிந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியான நேரத்தில்தான் எங்கள் காசின் வாங்கும் சக்தி, நெருக்கடிக்கு முன் இருந்ததை விட ஏறக்குறைய 12 சதவீதம் குறைந்து போனது. கனேடிய டொலர் இந்தக் காலத்தில் அமெரிக்க டொலருக்கு எதிராகவும் கொஞ்சம் இறங்கியதால், எங்கள் நிலை இதைவிடச் சற்று மோசம்.

இது கொழும்புச் சுட்டெண்ணை வைத்துப் போட்ட கணக்கு. வடமராட்சிச் சந்தை விலை அப்படியே இருக்காது. ஆனால் திசை ஒன்றுதான். அத்தான் சொன்னபடி 20 சதவீதம் குறைத்திருந்தால் 24,000 ரூபாதான் போயிருக்கும். 34,200 ரூபாச் சாமானுக்கு.

காகிதத்தில் எழுதிக் காட்டியதும் அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப சித்தி ஏன் ஒண்டும் கேக்கேல்லை?" என்றார்.

அன்று இரவு சித்திக்கு அழைத்தேன். மின்கட்டணம் எப்படி என்று கேட்டேன். "குறைஞ்சதுதான் தம்பி. ஏத்தேக்க ஃபிரிட்ஜை நிப்பாட்டினனான். பிறகு போடேல்லை. அன்றண்டைக்கு வாங்கிச் சமைச்சாச் சரிதானே" என்றா. என்னுடைய பட்டியலில் "பாவனை மாறவில்லை" என்று எழுதியிருந்தேன். அது மாறியிருக்கிறது. சித்தியின் பில் குறைந்ததில் ஆணைக்குழு குறைத்தது ஒரு பங்கு, சித்தி தானே விட்டுக்கொடுத்தது இன்னொரு பங்கு. எந்தப் புள்ளிவிபரத் திணைக்களமும் இதைப் பிரித்துச் சொல்லப் போவதில்லை. கேட்டால்தான் தெரியும்.

ஊர்ச் செய்தி எங்களுக்குச் சதவீதங்களாகத்தான் வருகிறது. சந்தைக்குப் போய் விலை கேட்கும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை. அதனால்தான் மற்றவர்களைவிட நாங்கள் இதில் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ஒரு சதவீதம் கண்ணில் பட்டால், பகிர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனையிலிருந்து எத்தனைக்கு? எந்தத் திகதியிலிருந்து? இது சராசரியா, இல்லை என் வீட்டுக்காரருக்கு நடந்ததா? முதல் இரண்டுக்கும் கைபேசியில் இருக்கிற கல்குலேட்டர் போதும். மூன்றாவதுக்கு ஊருக்கு ஒரு அழைப்பு எடுக்க வேண்டும்.

நாங்கள் குறைக்கவில்லை. அக்காவும் நானும் இந்த மாதத்திலிருந்து கொஞ்சம் கூட்டி அனுப்புகிறோம். ஃபிரிட்ஜைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறோம். போட்டாவா என்று அடுத்த கிழமை கேட்க வேண்டும்.